எத்தனை மாதம் என்று கேட்டவன்

மெர்லிமாவ், மலாக்கா
அக்டோபர் 12

மதிப்பிற்குரிய டாக்டர் அஞ்சனா அவர்களுக்கு,

மெர்லிமாவிலிருந்து திருச்செல்வம் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். கோத்தா கினபாலுவில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அங்கே மழை எப்படி என்று தெரியவில்லை. இங்கே மூன்று நாளாக விடவில்லை. தோட்டத்து மண்சாலையில் லோரி இறங்க முடியாமல் செம்பனைக் குலைகள் ஓரத்திலேயே குவிந்து கிடக்கின்றன. அதனால்தான் எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறீர்கள், என்னை நினைவிருக்குமோ என்னவோ. பிப்ரவரி கடைசியில், நீங்கள் இங்கே மலாக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வயிறு வீங்கி வந்த ஒரு பெண்ணை ஸ்கேன் செய்தீர்கள். திவ்யதர்ஷினி, இருபத்திரண்டு வயது, முப்பத்தெட்டு கிலோ. நான் அவளுடைய அப்பா. ஸ்கேன் அறைக் கதவருகே நின்று உங்களிடம், எத்தனை மாதம் என்று கேட்டவன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தர்ஷினிக்கு மருந்து முடிந்துவிட்டது. போன மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் படத்தைப் பார்த்து, வயிற்றில் தண்ணீர் இல்லை, குடலின் தடிப்பு இறங்கிவிட்டது, கட்டிகள் சுருங்கிவிட்டன என்றார். இப்போது ஐம்பத்தொரு கிலோ இருக்கிறாள். எனக்கும் சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிகரெட்டையும் விட்டுவிட்டேன்.

நீங்கள் ஒரு நாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. படத்தைப் பார்ப்போம், எழுதிக் கொடுப்போம், அடுத்த படத்துக்குப் போய்விடுவோம், அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்றீர்கள். அதனால் முன்னும் பின்னும் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். தமிழ் வாசிப்பேன், ஆனால் மெதுவாக என்றும் சொன்னீர்கள். அதற்காகத்தான் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரி தேவமலர் இறந்தபோது தர்ஷினிக்குப் பதினைந்து வயது. அதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். அவள் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்ததும், பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சமையலில் உப்பு கூடினால் சண்டை, டி.வி.யில் எதைப் பார்ப்பது என்று சண்டை, மற்றபடி ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தோம்.

போன தீபாவளிக்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். டிசம்பரில் கன்னம் ஒட்டிவிட்டது. ஜனவரியில் கையும் காலும் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் முன்னால் வந்தது. தொழிற்சாலைச் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பூட்ட முடியாமல் ஊக்கு குத்தியிருந்தாள். அந்த ஊக்கைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புத்தி கெட்டது.

என் அக்கா குஞ்சம்மா உம்பாயில் மீன் சுடும் கடையில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், தர்ஷினியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அடுப்படியில் வைத்துக் கேட்டிருக்கிறார். மூன்று மாதமாக இல்லை அத்தை என்று அவள் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அக்கா வெளியே வந்து, தம்பி, காரியம் கெட்டுப்போச்சு, யாருன்னு கேளு என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்பதை உங்களுக்கு எழுத முடியாது. அவள், அப்பா, அப்படி ஒண்ணும் இல்லப்பா, உடம்புக்குத்தான் என்னமோ செய்யுது என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை நான் கேட்டபோது பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை, அவள் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, கர்ப்பம் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்யுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் நம்பவில்லை. சோதனை தப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். ஸ்கேனில் உறுதியாகிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்ற பயம் வேறு. கடிதத்தை லோரிக்குள் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்தேன். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. டாக்டர், அந்த ஐந்து வாரமும் என் மகளுக்கு உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருந்தது, நான் அவளோடு பேசாமல் இருந்தேன். முடியாத உடம்போடு சமைத்து வைப்பாள். நான் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து, மூடி வைத்த தட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் படுத்துவிடுவேன்.

இன்னொன்றும் செய்தேன். அவளுடைய மேற்பார்வையாளர் சுகுமாரன் என்பவர். புக்கிட் காத்திலில் வீடு, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். காய்ச்சலில் அவள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு மூன்று நாள் தன் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நான் ஒரு மதியம் வேலை விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் போய் நின்று அவர் சட்டையைப் பிடித்தேன். காவலாளி வந்து விலக்கிவிட்டார். வேலை முடிந்து வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தர்ஷினியும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வேலையில் மயங்கி விழுந்தாள். தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதே சுகுமாரன்தான். அங்கிருந்து எனக்குப் போன் போட்டு, அங்கிள், திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க, இப்ப உடனே வாங்க என்றார்.

நான் வந்து சேர்ந்தபோது அவளை உங்கள் அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். நீங்கள் ஏதோ எடுக்க வெளியே வந்தீர்கள். அப்போதுதான் கேட்டேன். வணக்கம் சொல்லவில்லை, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. எத்தனை மாதம் என்றுதான் கேட்டேன். உங்களுக்குப் பின்னால் ஒரு திரைதான் இருந்தது. அவள் காதில் விழுந்துவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டதைத் திரை இடுக்கில் பார்த்தேன்.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கருப்பையில் ஒன்றும் இல்லை ஐயா, வயிறு முழுக்கத் தண்ணீர், மூன்று நான்கு லிட்டர் இருக்கும், உங்கள் மகள் ரொம்ப நாளாக நோயைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்றீர்கள். பிறகு உள்ளே போய், நர்ஸ் மிஸ்ஸி பக்கத்தில் இருந்தும், அவள் வயிற்றில் பூசியிருந்த பசையை உங்கள் கையாலேயே துடைத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடினீர்கள். ஒரு தகப்பன் செய்திருக்க வேண்டியது அது. நான் வாசலில் நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அதைவிட மோசம். ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு மிக அதிகமாக இருக்கிறது என்றார்கள். சினைப்பையில் புற்றுநோயாக இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டி வரும், பரவியிருந்தால் சினைப்பையையும் கருப்பையையும் எடுக்க நேரலாம் என்று பெண்கள் பிரிவு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் மேல் குறை இல்லை, அந்த அளவுக்கு வேறு எப்படி நினைப்பார்கள். அறுவைக்குச் சம்மதம் சொல்லும் பாரத்தை வாங்கித் தர்ஷினி தானே கையெழுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமையை நான்தானே கெடுத்துக்கொண்டேன்.

அறுவைக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நான் நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு நீங்களே வந்தீர்கள். யார் இருமுவது என்று கேட்டீர்கள். நான் கையைத் தூக்கினேன், பள்ளிப் பையன் மாதிரி. எத்தனை நாளாக என்றீர்கள். ஆறேழு மாதமாக, சிகரெட் இருமல்தான் டாக்டர் என்றேன். ராத்திரியில் வேர்க்கிறதா, எடை குறைந்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்று வரிசையாகக் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உடனே ஒரு முகக்கவசத்தைக் கொடுத்து, அந்த மணி நேரத்திலேயே என் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தீர்கள்.

பிறகு என்னை ஜன்னல் திறந்திருந்த ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, தர்ஷினியிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுகிறேன் என்று சொல்லி, அவள் படத்தைத் திரையில் போட்டீர்கள். எனக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. நீங்கள் விரல் வைத்துக் காட்டியதும் தெரிந்தது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் தடித்திருந்தது. அதைச் சுற்றி உருண்டையாகக் கட்டிகள், நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெள்ளை வளையம். வயிற்றின் உள்சவ்வு முழுக்கச் சீராகத் தடித்திருந்தது. புற்றுநோயும் இப்படி ஏமாற்றும், ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து இருக்கும்போது எனக்குக் காசநோய் என்றுதான் தோன்றுகிறது என்றீர்கள். வயிற்றில் காசநோய் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் தோட்டத்தில் அது நெஞ்சில் வரும் நோய்.

அடுத்து என் எக்ஸ்ரேயைப் போட்டீர்கள். வலது பக்கம் மேலே ஓட்டை விழுந்திருந்தது. நீங்கள் விளக்கம் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனதா என்று கேட்டேன். நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒரே வீட்டில் இருந்தால் அப்படி இருக்கலாம் என்றீர்கள். யாரிடமிருந்து வந்தது என்பதைவிட, இரண்டு பேருக்கும் மருந்து இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம் என்று உடனே சேர்த்துச் சொன்னீர்கள். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். யார் என்று கேள் என்றார் என் அக்கா. ஊரெல்லாம் தேடினேன், டாக்டர். ஆள் நான்தான்.

அன்றைக்கே அறுவை டாக்டர்களைக் கூப்பிட்டுப் பேசி, சில நாள் பொறுக்கச் சொன்னீர்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் நீங்களே தர்ஷினியின் வயிற்றுச் சவ்வில் துளி சதை எடுத்தீர்கள். நான் அதற்குள் தனியாக வைக்கப்பட்டுவிட்டேன், வார்டுக்கு வர முடியாது. ஊசி போடும் நேரத்தில் நீங்கள் அவளிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தீர்களாம், தொழிற்சாலையில் என்ன செய்வாய் என்று கேட்டீர்களாம், அவள் கம்ப்யூட்டர் சிப்பைப் பற்றி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டதாம். பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. காசநோய்தான், புற்றுநோய் இல்லை. கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கிழித்துவிட்டார்கள். என் மகளின் உடம்பிலிருந்து எதையும் வெட்டி எடுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. நீங்கள் அந்தப் படத்தை இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தீர்கள், எழுந்து வந்து இருமுவது யார் என்று பார்த்தீர்கள். அதற்கு நான் என்ன நன்றி சொல்வது.

நோய் என்னிடமிருந்து வந்திருக்கலாம் என்பதை அவளுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சினேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது ஐயா என்றீர்கள். அன்று மாலையே போனில் சொன்னேன். கேட்டதும் திட்ட ஆரம்பித்தாள். தீபாவளிக்கே சொன்னேன்ல, கிளினிக்குக்குப் போங்கன்னு, இருமல் மருந்து வாங்கி வந்து கொடுத்தேனே, அதை லோரியில போட்டு வெயில்ல காய வச்சீங்க, சிகரெட்ட விடுங்கன்னா கேட்டீங்களா என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டினாள். பக்கத்துக் கட்டில் மலாய் அம்மா கேட்கும் அளவுக்குச் சத்தம். எத்தனையோ வாரம் கழித்து அவள் குரலை அவ்வளவு நேரம் கேட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் காலை எட்டு மணிக்கு என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் மெர்லிமாவ் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவோம். மிஸ்ஸி கண் முன்னால் விழுங்க வேண்டும். அவளுக்கு மூன்று மாத்திரை, எனக்கு நாலு. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சுப் பழச் சாறு மாதிரி போனதும், நான் பயந்துபோய் லோரியை ஓரம் கட்டிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். மிஸ்ஸி நேத்தே சொன்னாங்களேப்பா, காது எங்க இருந்துச்சு என்றாள். முதல் மாதம் கிளினிக்குக்குப் போகும் வழியில் பேச்சு அவ்வளவாக இல்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைத் தட்டி, அப்பா பசிக்குது, உம்பாய் போய் சுட்ட மீன் சாப்பிடலாமா என்றாள். காலை எட்டரை மணி, எந்தக் கடையும் திறந்திருக்காது. ஆனாலும் வண்டியைத் திருப்பிவிட்டேன். கடற்கரைப் பக்கம் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்தான் கிடைத்தது. இரண்டு பொட்டலம் சாப்பிட்டாள்.

குஞ்சம்மா அக்காவையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கெல்லாம் எதுக்கு என்று முதலில் குதித்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆளே மாறிவிட்டார். இப்போது கடைக்கு மீன் சாப்பிட வருகிறவர் இரண்டு தடவை இருமினால் போதும், எக்ஸ்ரே எடுத்தியா என்று கேட்கிறார். முதலாளி தலையில் அடித்துக்கொள்கிறார். தர்ஷினியிடம் அக்கா மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை வந்து அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போனார்.

என்னால் இனி யாருக்கும் தொற்றாது என்று சொன்ன பிறகு, புக்கிட் காத்திலில் சுகுமாரன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முன்னால், பிள்ளைகள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. கோபம் இருந்துச்சு அங்கிள், இப்பவும் கொஞ்சம் இருக்கு, ஆனா வந்தீங்களே, உட்காருங்க என்றார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

தீபாவளி முடிந்ததும் தர்ஷினி ஜொகூர் பாருவுக்குப் போகிறாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மூன்று பெண்களாக வீடு எடுத்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் போவாள், போகத்தான் வேண்டும். முறுக்கு சுட மாவு அரைத்து வைத்திருக்கிறாள், கொண்டுபோக ஒரு டின், எனக்கு ஒரு டின் என்று.

ஒன்று மட்டும் நெஞ்சில் கிடக்கிறது. ஆறு மாதம் ஒரே வண்டியில் போய் வந்தோம். நோயைப் பற்றிப் பேசினோம், மாத்திரையைப் பற்றிப் பேசினோம், அவள் அம்மாவைப் பற்றிக்கூடப் பேசினோம். உங்கள் கதவருகே நான் கேட்டதையும், அதற்கு முன்னால் வீட்டில் கேட்டதையும் நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சுகுமாரன் வீட்டில் வாய் திறந்தது. என் வீட்டில் திறக்கவில்லை. எத்தனையோ காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, போலாம்பா என்பாள். போய்விடுவோம். இந்தக் கடிதத்தில் இருப்பதை எல்லாம் நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உங்கள் மருத்துவமனை முகவரியை ஆங்கில எழுத்தில் எழுத எனக்குச் சரியாக வராது. தர்ஷினிதான் எழுத வேண்டும். ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வருவாள். கடிதத்தை மடித்து, உறையில் போட்டு, ஒட்டாமல் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டு நான் பசாருக்குப் போய் வருகிறேன். பெரிதாக வாங்க ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் திரும்புவேன்.

உங்கள் கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும் அம்மா. உங்களைப் பெற்றவர்கள் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்த பிறகுதான் என் பிள்ளையின் வார்த்தையை நம்பினேன். வேறு எந்தத் தகப்பனும் அவ்வளவு தூரம் போய் நம்ப வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும்.

நன்றி மறவாத,
மு. திருச்செல்வம்
தர்ஷினியின் அப்பா